ஸ்பீக்கரில் போடுதலும் அறத்தொடு நிற்றலும்

ரோம் நகரத்தில் ஒரு வீடு. இரவு விருந்துக்கு நண்பர்கள் வந்திருக்கிறார்கள். வெளியே சந்திர கிரகணம். மேசையைச் சுற்றி ஏழு பேர்: மூன்று தம்பதிகள், காதலிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தனியாக வந்த ஒருவர். பேச்சுவாக்கில் வீட்டுப் பெண்மணி ஒரு விளையாட்டைச் சொல்கிறாள். எல்லோரும் கைபேசியை மேசைமேல் வைத்துவிட வேண்டும். சாப்பிட்டு முடியும்வரை யாருக்கு என்ன செய்தி வந்தாலும் எல்லோரும் கேட்கப் படிக்க வேண்டும். அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட வேண்டும். நமக்குள் மறைக்க என்ன இருக்கிறது என்பதுதான் விளையாட்டின் பேச்சு. முதலில் சிரிப்பாகத்தான் போகிறது. விருந்து முடிவதற்குள் மூன்று மணவாழ்க்கையும் ஒரு பால்ய நட்பும் உடைந்து கிடக்கின்றன.

2016இல் பாவோலோ ஜெனோவேசே இயக்கி வெளிவந்த 'பெர்ஃபெத்தி ஸ்கொனொஷூத்தி' என்ற இத்தாலிய நகைச்சுவைப் படம் இது. 'முற்றிலும் அந்நியர்கள்' என்று பெயரைத் தமிழில் சொல்லலாம். அந்த ஆண்டு இத்தாலியின் டேவிட் டி டொனாடெல்லோ விருதுகளில் சிறந்த படம், சிறந்த திரைக்கதை இரண்டையும் பெற்றது. உலகிலேயே அதிகமுறை மறுஆக்கம் செய்யப்பட்ட படம் என்று 2019இல் கின்னஸ் பதிவிலும் ஏறியது. அப்போதே 18 மறுஆக்கங்கள். ஸ்பானியம், பிரெஞ்சு, கொரியன், சீனம் என்று போய், கன்னடத்தில் 2018இல் 'லவுட்ஸ்பீக்கர்' ஆனது. இந்தியில் 2024 சுதந்திர தினத்தன்று 'கேல் கேல் மே' என்று வந்தது.

ஏன் இந்தக் கதை இவ்வளவு ஊர் சுற்றியது? ஒரு மேசை, ஏழு கைபேசி போதும், செலவு குறைவு என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். எனக்கு வேறொரு காரணம் தோன்றுகிறது. எந்த ஊரிலும் இந்த விளையாட்டை நியாயமானது என்று முதலில் நம்பிவிடத் தோன்றும். எல்லோரும் வைக்கிறார்கள், நீயும் வை. எல்லோருக்கும் ஒரே விதி. இதைவிடச் சமத்துவம் என்ன வேண்டும்?

அந்தச் சமத்துவத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த நண்பர்கள் யாருடைய நண்பர்கள்? ரோக்கோ, கோசிமோ, லேலே, பெப்பே நால்வரும் சிறுவயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள். ஏவா, பியாங்கா, கர்லோத்தா மூவரும் திருமணத்தின் வழியாக அந்த மேசைக்கு வந்தவர்கள். நட்பு ஆண்களுடையது, பெண்கள் நண்பர்களின் மனைவிமார். நம்மூரில் 'பேமிலியோட வாங்க' என்று அழைக்கப்படும் விருந்துகளுக்குப் போயிருப்பவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. கணவரின் கல்லூரி நண்பர்கள் பழைய விடுதிக் கதைகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். நாம் எல்லாக் கதையையும் ஐந்தாவது முறையாகக் கேட்டுச் சிரிப்போம். அவர்களின் மனைவிகளை நமக்குப் பிடிக்கும். சமையல், பிள்ளைகளின் மதிப்பெண், மாமியார் என்று மணிக்கணக்காகப் பேசுவோம். ஆனால் நம் வீட்டில் ஒன்று என்றால் முதலில் அவர்களைக் கூப்பிட மாட்டோம். படம் பார்க்கும்போது எனக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மேசையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்திக்கும் அங்கே தோழி இல்லை.

இரண்டாவதாக, அவர்கள் மறைத்தவை என்னென்ன?

ஏவா மனநல ஆலோசகர். அவள் கணவர் ரோக்கோ உடலமைப்பைத் திருத்தும் அறுவை மருத்துவர். ஊரார் மார்பையெல்லாம் சீர்செய்பவரின் மனைவி, தன் மார்புக்கான அறுவை சிகிச்சைக்கு வேறொரு மருத்துவரிடம் நாள் குறித்திருக்கிறாள். ஊரார் மனத்தையெல்லாம் கேட்பவளின் கணவர், தன் மனத்தைச் சொல்ல வேறொரு ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த நகைச்சுவை இதுதான். இருவருமே தங்களுடைய மிக மெலிந்த இடத்தை மிக நெருக்கமானவரிடமிருந்து மறைக்கிறார்கள். இதில் வஞ்சனை எங்கே இருக்கிறது? வெட்கம்தான் இருக்கிறது.

கர்லோத்தாவுக்கு இரண்டு குழந்தைகள், வீட்டில் மாமியார். அவளுடைய கைபேசியில் இணையத்தில் பழகிய ஒருவனுடைய பேச்சு இருக்கிறது. விருந்துக்குக் கிளம்பும்முன் உள்ளாடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். மாமியாருக்காக அவள் விசாரித்து வைத்திருந்த முதியோர் இல்லத்தின் அழைப்பும் வருகிறது. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், ஒரு வீட்டின் பாரத்துக்குள் தன்னைக் காணாமல் போக்கிக்கொண்ட ஒருத்தியின் தெளிவான படம் கிடைக்கும். மேசையில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

பியாங்கா புதுமணப்பெண். அவளிடம் மறைக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பழைய காதலன் ஒருவன் தன் புதிய காதலைப் பற்றி யோசனை கேட்டு எழுதுகிறான், அவ்வளவுதான். அதற்கே அவள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளை விசாரிக்கும் கணவன் கோசிமோவின் கைபேசியில், அவனோடு வேலைபார்க்கும் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும் செய்தி வருகிறது. போதாததற்கு ஏவாவோடும் அவனுக்கு உறவு இருக்கிறது.

பெப்பேயின் 'உடம்பு சரியில்லாத காதலி' ஒரு ஆண். நண்பர்களின் கேலி எப்படி இருக்கும் என்று தெரிந்தே அவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். லேலேவுக்கு இரவு பத்து மணிக்கு ஒரு பெண்ணிடமிருந்து படம் வருவது வழக்கம். அதை மறைக்க, தன்னுடையதைப் போலவே இருக்கும் பெப்பேயின் கைபேசியோடு மாற்றிக்கொள்கிறான். பலன், பெப்பேயின் காதலன் அனுப்பும் செய்திகள் லேலேவின் கணக்கில் சேர்கின்றன. அதுவரை அன்பாக இருந்த மேசை அவனை எப்படிப் பார்க்கிறது என்பதை லேலே அன்றிரவு முழுதும் அனுபவிக்கிறான். நண்பனுக்கு வாழ்நாள் முழுதும் அதுதான் நிலை என்று புரிய அவனுக்கு இரண்டு மணி நேரம் போதுமானதாக இருந்தது.

இப்படிப் பிரித்து வைத்தால் ஒன்று தெரிகிறது. கோசிமோ மறைத்தது இன்னொருத்தியின் வாழ்க்கையைப் பாதிக்கும் செய்தி. ஏவாவும் ரோக்கோவும் மறைத்த அறுவையும் ஆலோசனையும் அவரவர் உடம்பும் மனமும். பெப்பே மறைத்தது ஊர் மறைக்கச் சொன்னதை. விளையாட்டுக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. மணி அடித்தால் எல்லாமே 'ரகசியம்'. ஒரே தட்டில் கொட்டப்படும். ஒரே மாதிரி 'ஐயோ!' என்று கேட்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. ரோக்கோவின் மகள் சோஃபியா அப்பாவுக்கு அழைக்கிறாள். பதினேழு வயது. காதலனோடு அன்றிரவு தங்குவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் கேட்க முடியாது, அப்பாவிடம் கேட்கிறாள். ரோக்கோ தடுக்கவுமில்லை, தள்ளிவிடவுமில்லை. பின்னாளில் நினைக்கும்போது உனக்குச் சிரிப்பு வருமா என்று யோசித்து முடிவெடு என்ற பொருளில் மெதுவாகப் பேசுகிறார். ஒரு தகப்பன் இப்படிப் பேசி நான் திரையில் கண்டதில்லை. பலரும் கண்கலங்கிப் பாராட்டும் காட்சி. ஆனால் அந்தப் பெண் ஸ்பீக்கரில் இருக்கிறாள். தன் அந்தரங்கத்தை ஆறு பேர் மென்றுகொண்டே கேட்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. அம்மாவைப் பற்றி அவள் சொல்லும் வார்த்தைகளை அம்மா அங்கேயே உட்கார்ந்து கேட்கிறாள். விளையாட ஒப்புக்கொண்டவர்கள் மேசையில் இருந்த ஏழு பேர். சோஃபியாவிடமும் பெப்பேயின் காதலனிடமும் கோசிமோவின் கர்ப்பிணியிடமும் யார் கேட்டார்கள்? 'என் போன்' என்று நாம் சொல்கிறோம். அதில் பாதிக்குமேல் மற்றவர்கள் நம்மை நம்பிச் சொன்னவை.

மேசை சமதளமா என்ற கேள்விக்குப் படத்துக்கு வெளியே ஒரு பதில் கிடைத்தது. 2022 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இதன் அரபு மறுஆக்கத்தை வெளியிட்டது. 'அஸ்ஹாப் வலா அஅஸ்' என்பது பெயர். விருந்து லெபனானுக்கு இடம் மாறியது. கர்லோத்தாவின் இடத்தில் எகிப்தின் புகழ்பெற்ற நடிகை மோனா ஸகி. அவரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் பாவாடைக்குள் கைவிட்டு உள்ளாடையைக் கழற்றிக் கைப்பையில் வைக்கிறார். உடம்பின் ஓர் அங்குலம்கூடத் திரையில் தெரியாது. எகிப்தில் பெரும் புயல் கிளம்பியது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் படத்தை எதிர்த்துப் பேசினார். ஒழுக்கத்தைக் கெடுக்கும் படம், தடைசெய்ய வேண்டும் என்றார்கள். எகிப்திய நடிகர் சங்கம் மோனா ஸகிக்கு ஆதரவாக அறிக்கை விட வேண்டிய அளவுக்குப் போனது. தற்பாலின ஈர்ப்புள்ள பாத்திரமும் தகப்பன்-மகள் உரையாடலும்கூடத் திட்டு வாங்கின. வரிசையாக மனைவியை ஏமாற்றிய ஆண் பாத்திரங்களுக்காக அந்த நடிகர்களிடம் யாரும் இப்படிக் கணக்குக் கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. கற்பனைக் கதையில், கற்பனைப் பெண் கழற்றிய கற்பனை உள்ளாடைக்கு, நிஜப் பெண் ஒருத்தி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நான் இந்தப் படத்தைப் பார்த்தது என் கல்லூரித் தோழிகள் நால்வரோடு. ஆண்டுக்கு ஒருமுறை ஒருத்தி வீட்டில் கூடுவோம். சமைக்க மாட்டோம், வாங்கித் தின்போம். படம் முடிந்ததும் ஒருத்தி, "நாமளும் வெச்சுப் பாப்பமாடீ?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். இன்னொருத்தி சிரிக்காமல் சொன்னாள்: "என் போன் ஏற்கெனவே மேசமேலதான்டீ இருக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

அவள் வீட்டில் கைபேசிக்குப் பூட்டு கிடையாது. அது அன்பின் அடையாளமாக உறவினர் முன்னால் சொல்லப்படும். "எங்களுக்குள்ள ஒளிவுமறைவே இல்ல." அவர் கைபேசிக்கும் பூட்டு இல்லைதான். ஆனால் அவர் தினமும் அவளுடையதை எடுத்துப் பார்ப்பார். அவள் அவருடையதை எடுப்பதில்லை. எடுத்தால் என்ன என்று கேட்டோம். "எடுக்கலாம். எடுத்தா ஏன் எடுத்தேன்னு ஒரு வாரம் பேச்சு நடக்கும். அதுக்கு எடுக்காமலே இருக்கலாம்." விதி இருவருக்கும் ஒன்று; விலை மட்டும் வேறு. எங்கள் ஐவரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவள்தான் பெயர் வைத்திருக்கிறாள்: 'ரேஷன் கடை தகவல்'. ஆண்கள் யாரும் திறந்து பார்க்க மாட்டார்களாம். இன்றுவரை அந்தக் கணிப்பு பொய்க்கவில்லை.

தமிழில் இந்தக் கதைக்கு நேரடி மறுஆக்கம் தேட வேண்டிய தேவை நமக்கு வரவில்லை. 2022 நவம்பரில் பிரதீப் ரங்கநாதன் தம் பழைய குறும்படத்தை விரித்து எடுத்த 'லவ் டுடே' வந்தது. அங்கே விருந்து மேசை கிடையாது. காதலியின் அப்பா, சத்யராஜ், கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லும்முன் ஒரு நிபந்தனை வைக்கிறார்: இருவரும் ஒருநாள் கைபேசியை மாற்றிக்கொள்ளுங்கள். ரோமில் நண்பர்கள் விளையாடியதை இங்கே அப்பா நடத்துகிறார், விளையாட்டு பரீட்சையாகிறது. அரங்கு அதிரச் சிரித்த படம், நானும் சிரித்தேன். நாயகன் பக்கம் வெளிவந்தவை அவன் செய்தவை, அவன் கணக்கை வைத்து நண்பர்கள் செய்தவை. நாயகியும் சிலவற்றை மறைத்திருந்தாள். ஆனால் அவள் பக்கம் கடைசியில் வந்து விழுவது அவள் செய்யவே செய்யாத ஒன்று. அவள் முகத்தை ஒட்டித் தயாரித்த போலி ஆபாசக் காணொளி. ஆணின் கைபேசி அவன் செய்ததைக் காட்டுகிறது. பெண்ணின் கைபேசியோ ஊர் அவளுக்குச் செய்ததையும் சேர்த்து அவள்மேல் எழுதுகிறது. படத்தில் யோகி பாபுவின் பாத்திரமும் கைபேசியைக் கடைசிவரை தர மறுக்கும். அதற்குள் இருப்பது வேறு பெண் இல்லை. தன் உருவத்தைப் பற்றிப் பிறர் செய்யும் கேலி. மறைப்பவர் எல்லோரும் குற்றவாளி என்ற எண்ணத்தை அந்தப் படமே அங்கே ஒரு நொடி உடைத்தது.

முதுகலை வகுப்பில் அகப்பொருள் நடத்தும்போது இந்தப் படம் தானாகவே வந்து உட்கார்ந்தது. பையன்கள் உற்சாகமாகப் பேசினார்கள். "தப்பு பண்ணலைன்னா குடுக்க வேண்டியதுதானே மேடம்?" கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "எங்க வீட்டுல என் போன யார் வேணும்னாலும் எடுப்பாங்க மேடம். அண்ணன், அப்பா, சித்தப்பா. மாத்திக்கிறதுக்கு அது முதல்ல என் போனா இருக்கணும்ல?" வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை.

அன்று நடத்த வேண்டியிருந்த பாடம் அறத்தொடு நிற்றல். தமிழ் படிக்காத வாசகிகளுக்காகச் சொல்கிறேன். சங்க அகப்பாடல்களில் தலைவியின் காதல் முதலில் ரகசியம். அதற்குக் களவு என்று பெயர். ஊர்ப்பெண்கள் வாய்க்குள் முணுமுணுப்பார்கள். அது அம்பல், வாய்விட்டுப் பேசினால் அலர். தாய்க்குச் சந்தேகம் வந்தால் மகளை வீட்டோடு அடைப்பாள், அது இற்செறிப்பு. மகள் மெலிந்துபோனால் வேலனை அழைத்து வெறியாட்டு நடத்தி, என்ன நோய் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பாள். அம்பல், அலர், அடைப்பு, குறிகேட்பு என்று அடுக்கினால் எல்லாமே பழக்கமானவையாகத்தான் தெரிகின்றன. அன்றும் எல்லோரும் அவளுடைய உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் துடித்தார்கள். கைபேசி இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் உண்மையைச் சொல்கிற ஒருத்தி இருக்கிறாள். தோழி. அவள் தக்க நேரம் பார்த்துச் செவிலித்தாயிடம் தலைவியின் காதலைச் சொல்கிறாள். செவிலி நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். இப்படிப் படிப்படியாக, கேட்கத் தகுந்தவரிடம் மட்டும், தலைவியின் நன்மைக்காகச் சொல்வதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் அறத்தொடு நிற்றல். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் இந்த ஒரு வேலையைத்தான் செய்கிறது. தொடக்கத்திலேயே தோழி, சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று செவிலியைத் தயார்செய்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறாள். எவ்வளவு நாகரிகம்! ரகசியத்தை வெளிப்படுத்துவதையே அறம் என்று அழைத்த மரபு இது. ஆனால் யார் சொல்வது, யாரிடம், எப்போது, யாருடைய நலனுக்காக என்ற நான்கு கேள்விகளும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அதே மரபுதான் அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டிப் பாடக்கூடாது என்றும் விதித்தது. உள்ளத்தைப் பாடு, ஆளைக் காட்டிக்கொடுக்காதே.

இதைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. அந்தத் தோழி கடைசியில் தலைவியைத் திருமணத்தில்தான் கொண்டுபோய் விடுகிறாள். மணமான பிறகு தலைவன் பரத்தையிடம் போய்வருவதற்கு யாரும் வெறியாட்டு நடத்தவில்லை. அவன் ஊரறியப் போகிறான், பாணனைத் தூதுவிட்டுத் திரும்பி வருகிறான். அவனுக்கு ரகசியமே தேவைப்படவில்லை. மருதத்திணைத் தலைவனின் கைபேசி எப்போதும் திறந்தே கிடந்தது என்று வகுப்பில் சொன்னபோது பெண்கள் பக்கம் பலத்த சிரிப்பு. இருந்தாலும் அந்த நான்கு கேள்விகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்குக் காரணம் என் தோழி.

கைபேசிக்குப் பூட்டு இல்லாத அதே தோழி. நாங்கள் படம் பார்த்ததற்கு அடுத்த ஆண்டு ஒரு மதியம் அழைத்தாள். மார்பில் கட்டி. தெருமுனை மருத்துவர் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள். "இப்ப சொன்னா அம்மாவுக்கு இருக்கு, பொண்ணுக்கும் வருமோன்னு ஆரம்பிச்சுருவாங்கடீ. என்னன்னு தெரிஞ்சப்புறம் நானே சொல்றேன். எனக்கு மூணு வாரம் வேணும்." பரிசோதனைக் கூடத்தில் கைபேசி எண் கேட்டார்கள். அவள் என் எண்ணைக் கொடுத்தாள்.

லேலேவும் பெப்பேயும் கைபேசியை மாற்றிக்கொண்டது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அங்கே ஒருவன் தன் பொய்யை நண்பன் தலையில் ஏற்றினான். இங்கே ஒருத்தி தன் பயத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கேட்டாள். கருவி ஒன்றுதான்.

ஒன்பது நாள் கழித்து, இரவுச் சாப்பாட்டு நேரத்தில், முடிவு தயார் என்று அந்தக் கூடத்தின் பெயரோடு என் கைபேசியில் செய்தி ஒளிர்ந்தது. என் கணவர் கண்ணில் பட்டது. முகம் மாறிவிட்டது. "உனக்கா?" என்றார். "இல்ல" என்றேன். "யாருக்கு?" என்ற கேள்வி அவர் வாய்வரை வந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை. "எதாவது வண்டி எடுக்கணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். இருபதாண்டு வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன காதல் வசனங்களில் இதை முதலில் வைப்பேன்.

முடிவு நல்லதாக இல்லை. தொடக்கநிலை என்பது மட்டும் ஆறுதல். சொல்ல வேண்டிய நாளை அவளே குறித்தாள். நானும் இன்னொருத்தியும் போனோம். முதலில் அவள் மாமியாரிடம் சொன்னோம். அது அவள் முடிவு. அந்த வீட்டில் யார் சொன்னால் யார் கேட்பார்கள் என்ற வரைபடம் அவளிடம்தான் இருந்தது. "அத்தை, சொல்றோம், கோவிச்சுக்காம கேளுங்க" என்று நான் ஆரம்பித்தபோது, முப்பதாண்டு படித்த பாடம் என் வாயில் தானாக வந்திருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாள் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மகனை உள்ளே கூப்பிட்டார். மூன்று வாரம் எங்களுக்குத் தெரியாமல் எப்படி என்று அவர் கோபப்பட்டார். அவர் அம்மாவே அடக்கினார். சிகிச்சை நடந்தது. இன்று என் தோழி நன்றாக இருக்கிறாள், மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, பேரு போடாத" என்றாள். அகத்திணை மரபு.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் பெண்ணியம் படித்தவர்களே முதலில் சொல்வார்கள். வீட்டுக்குள் நடப்பது அந்தரங்கம் என்று சொல்லித்தானே அடிக்கிற கணவனைக் காலகாலமாகக் காப்பாற்றினார்கள்? சொந்த விஷயம் என்று மூடிய கதவுகளைத் திறப்பதற்குத்தானே நாம் இவ்வளவு போராடினோம்? உண்மை. திறக்கப்பட வேண்டிய கதவுகள் உண்டு. அடிபட்டவள் தன் கதவைத் திறப்பதும் சந்தேகப்படுபவன் அவள் பெட்டியைத் திறப்பதும் ஒன்றாகுமா என்பதே என் கேள்வி. முன்னது அவள் பேச்சு; பின்னது சோதனை.

நீதிமன்றங்களும் இந்த இடத்தில்தான் தடுமாறிக்கொண்டிருக்கின்றன. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய கைபேசி அழைப்பு விவரங்களை எடுத்து மணமுறிவு வழக்கில் கணவர் சான்றாக வைத்திருந்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிப் பெற்ற சான்று செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. 2025 ஜூலையில், மனைவியின் பேச்சைக் கணவர் ரகசியமாகப் பதிவுசெய்த வேறொரு வழக்கில், மணவாழ்க்கை வழக்குகளில் அப்படிப்பட்ட பதிவைச் சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருவரை ஒருவர் வேவுபார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அந்த உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது என்பது அதன் வாதங்களில் ஒன்று. கொடுமையை நிரூபிக்க வேறு வழியில்லாத மனைவிக்கும் இந்தத் தீர்ப்பு உதவலாம். ஆனால் கைபேசியை வாங்கித்தருவது யார், கட்டணம் கட்டுவது யார், யார் பெயரில் சிம் இருக்கிறது என்று பார்த்தால், வேவுபார்க்கும் வசதி எந்தப் பக்கம் அதிகம் என்பது விளங்கும். இந்த மேசையும் சாய்ந்தே இருக்கிறது.

இனி படத்தின் முடிவுக்கு வருகிறேன். எல்லாம் உடைந்த பிறகு அவர்கள் வெளியே வருகிறார்கள். கிரகணம் விலகிவிட்டது. பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை. சிரித்து விடைபெறுகிறார்கள். அந்த விளையாட்டு ஆடப்படவே இல்லை. ரோக்கோ வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஏன் மறுத்தாய் என்று ஏவா கேட்கிறாள். நாம் எல்லோரும் உடையக்கூடியவர்கள் என்ற கருத்தில் ரோக்கோ பதில் சொல்கிறார். ஒவ்வொரு தம்பதியும் அவரவர் ரகசியத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். பெப்பே தன் காதலை யாரிடமும் சொல்லாமல் தனியே போகிறான்.

ரோக்கோவின் அந்தக் கருணை எனக்குப் பிடிக்கிறது. கேட்காமல் ரசம் ஊற்றிக்கொண்ட ஒரு மனிதரோடு நானும் வாழ்கிறேன். ஆனால் அந்த முடிவை முழு மனத்தோடு ஏற்க முடியவில்லை. காரணம் பியாங்கா. தன்னை இரண்டு வழிகளில் ஏமாற்றும் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வீட்டுக்குப் போகிறாள், சிரித்துக்கொண்டே. எல்லோரையும் காப்பாற்றிய அந்த மௌனம் அவளை மட்டும் காப்பாற்றவில்லை. ஸ்பீக்கர் அவளை ஏழு பேர் நடுவில் அவமானப்படுத்தியது. மௌனம் அவளை ஏமாளியாகவே வைத்திருக்கிறது. படம் இந்த இரண்டு முடிவுகளைத்தான் தருகிறது.

மூன்றாவது ஒன்று உண்டு. பாத்திரம் கழுவும் சாக்கில், மாடிப்படியில், மறுநாள் ஒரு காபிக்கடையில் யாராவது ஒருத்தி பியாங்காவின் கையைப் பிடித்து, சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே என்று தொடங்கியிருக்கலாம். அந்த மேசையில் அப்படிச் சொல்லக்கூடிய அளவுக்கு உண்மை தெரிந்த பெண் ஏவா ஒருத்திதான். அவளோ கோசிமோவின் இன்னொரு காதலி. கர்லோத்தாவுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தாலும் அவள் லேலேவின் மனைவி, பியாங்காவின் தோழி ஆகவில்லை. இந்தப் பெண்கள் எத்தனையோ இரவு விருந்துகளில் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். கணவன்மாரின் நட்பு அவர்களுக்கு ஒரு மேசையைத் தந்தது. ஒருத்தியை ஒருத்தி நம்பும் இடத்தை அது தரவில்லை, அவர்களும் உண்டாக்கிக்கொள்ளவில்லை.

என் மாணவிகள் திருமணப் பத்திரிகை கொண்டுவரும்போது நான் சொல்லும் ஒரே புத்திமதி இப்போதெல்லாம் இதுதான். கைபேசிக்குப் பூட்டு வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம். ஒரு தோழியின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள். அவரோடு சேர்ந்து கிடைத்த தோழியாக இருக்க வேண்டாம். உனக்கு முன்பே இருந்த ஒருத்தியாக இருக்கட்டும். எந்தப் பெயரில் வேண்டுமானாலும் அவளைப் பதிந்து வை. கேஸ் கம்பெனி என்று வைத்தாலும் சரி.